கோட்டான் டியூப்ல கொக்குப் பேன்: ஒரு நிகழ்வு ஆய்வு

மொத்தமே மூணு பறவைப் பேன் பத்தின கேஸ் இது. ஈரைப் பேனாக்கி பேனைப் பெருமாளாக்குறான்னு யாராவது சொன்னா சொல்லிட்டு போகட்டும், பேன் பாக்குறவனுக்கு அது திட்டே இல்ல, வேலையே அதுதான். இந்த மூணை வச்சு நான் ஒரு தப்பு பண்ணேன், அதை சரிபண்ணப் போய் அதைவிடப் பெரிய தப்பு பண்ண இருந்தேன், நடுவுல ஒரு அக்கா கேட்ட ஒத்தக் கேள்வியில தப்பிச்சேன். கரைப்பறவைப் பேன் பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்னு முழுசா எழுதுறேன்.

கையில வந்தது என்ன

பறவைக்கு வளையம் மாட்டுற அனுமதி உள்ள ஒரு தம்பி, சேத்துத்தரையில செத்துக் கிடந்த ஒரு குதிரைமலைக் கோட்டானை எடுத்துட்டு வந்தான். கோட்டான்னதும் ஆந்தைன்னு நினைச்சுடாதீங்க, இது கீழ்ப்பக்கமா வளைஞ்ச நீள மூக்கை சேத்துக்குள்ள விட்டு புழுவும் நண்டும் எடுக்குற பெரிய கரைப்பறவை. செத்த நீர்ப்பறவைன்னா பறவைக்காய்ச்சல் பயம் எப்பவும் உண்டு, அதனால கிளவுஸ், மாஸ்க், அதோட அதுக்கு சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லி சரின்னு வந்தப்புறம்தான் தொட்டோம். தம்பி சோப்புத் தண்ணியில உடம்பை அலசி, அந்தத் தண்ணியை மெல்லிய சல்லடையில வடிகட்டி, கிடைச்சதை எல்லாம் ஒரே டியூப்ல 70 சதவீத எத்தனால்ல போட்டு என்கிட்ட குடுத்தான். இறக்கை ரெண்டையும் வெட்டி தனியா ஃப்ரீசர்ல வச்சிருந்தான், இது பின்னாடி ரொம்ப உதவுச்சு. லேபிள்ல பறவை பேர், தேதி, இடம், பிடிச்சவர் பேர் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அவ்வளவு சுத்தமா எழுதியிருந்ததுதான் வினை, இவ்வளவு நல்லா எழுதின லேபிளை யாருக்கு சந்தேகப்படத் தோணும்?

டியூப்ல 31 பேன்.

முதல் சுத்து

பறவைப் பேன்ல ரெண்டு பெரிய பிரிவு, எதை எடுத்தாலும் முதல் கேள்வி ஒண்ணுதான், ஆம்ப்ளிசெராவா இஸ்க்னோசெராவா. பழைய புத்தகத்துல ரெண்டையும் சேத்து மாலோஃபேகான்னு ஒரே வரிசையா போட்டிருப்பாங்க, ஆனா ரத்தம் உறிஞ்சுற பேனும் இதே கிளைக்குள்ளதான் வந்து உக்காருதுன்னு தெரிஞ்சப்புறம் அந்தப் பேரை விட்டாச்சு, இப்ப புத்தகப்பேன் வகைகளோட சேத்து சோக்கோடியான்னு ஒரே வரிசையா வைக்கிறாங்க. சரி, பிரிக்கிறது எப்படின்னா உணர்கொம்பைப் பாருங்க. ஆம்ப்ளிசெராவுக்கு அது தலைக்கு அடியில ஒரு பள்ளத்துக்குள்ள மடங்கி ஒளிஞ்சிருக்கும், நுனி குண்டா இருக்கும், கூடவே வாய்ப்பக்கம் குட்டியா பால்ப்னு ஒரு ஜோடி தொடு உறுப்பு நீட்டிக்கிட்டு இருக்கும். புதுசா வர்றவங்க அந்த பால்ப்பைத்தான் உணர்கொம்புன்னு நினைச்சு ஏமாறுவாங்க, நானும் ஏமாந்திருக்கேன். இஸ்க்னோசெராவுக்கு பால்ப்பே கிடையாது, உணர்கொம்பு நூல் மாதிரி வெளிய தெரியும். உயிரோட இருக்கும்போது இன்னும் சுலபம், தோல்மேல சரசரன்னு ஓடுறது ஆம்ப்ளிசெரா, இறகைக் கவ்விக்கிட்டு அசையாம இருக்குறது பெரும்பாலும் இஸ்க்னோசெரா.

இந்தக் கணக்குல 5 ஆம்ப்ளிசெரா, 26 இஸ்க்னோசெரா. அந்த 26-ல 6 குண்டு, பெரிய தலை. மீதி 20 ஒல்லி.

இங்க கொஞ்சம் நிக்கணும், ஏன்னா கரைப்பறவைப் பேனோட அழகே இதுலதான் இருக்கு. ஒரே பறவை மேல நாலஞ்சு ஜாதிப் பேன் சண்டையில்லாம இருக்கும், ஏன்னா ஆளுக்கு ஒரு இடம். குண்டா, முக்கோணமா பெரிய தலையோட இருக்குறது தலையிலயும் கழுத்துலயும் வாழும், பறவை தன் மூக்கால தன் தலையை கோத முடியாதே, அங்க இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. ஒல்லியா நீளமா இருக்குறது இறக்கையில, இறகோட இழைகளுக்கு இடையில உடம்பை நீட்டிப் படுத்துக்கும், மூக்கு வந்து கோதினா வழுக்கிக்கிட்டு மேல போயிடும். கோட்டான் மாதிரி நீள மூக்குக்காரங்களுக்கு கோதுறது கஷ்டம்தான், அதனால இந்த மாதிரி பறவைங்க காலால சொறியிறதுக்கு மத்ததைவிட அதிக நேரம் செலவழிக்குதுன்னு ஆய்வு இருக்கு. ஆக உடம்பு வடிவத்தைப் பாத்தாலே பேன் எந்த வீட்டுக்காரன்னு ஓரளவு சொல்லிடலாம். ஆனா ஓரளவுதான்.

குண்டு 6-ஐ சேமுண்ட்சோனியான்னு வைக்கிறதுல சிரமம் இல்ல, தலையோட முன்பக்கம் மேல ஒரு தகடு இருக்கும், அதோட பின்முனை கூரா பின்னாடி நீளும், ஒரு தடவை பாத்தா மறக்காது. 5 ஆம்ப்ளிசெராவை உடம்புப் பேன் ஆஸ்ட்ரோமெனோபான்னு தற்காலிகமா குறிச்சேன். இந்தக் குடும்பத்துல பின்தொடைக்கு அடியில முடி எப்படி இருக்குன்னு பாக்காம எதையும் உறுதியா சொல்லக்கூடாது, அது சீப்புப் பல்லு மாதிரி வரிசையா இருக்கா இல்ல பிரஷ் மாதிரி திட்டா இருக்கா, அது ஸ்லைடு போட்டாத்தான் தெரியும். ஒல்லி 20-ஐயும் பாத்தேன், லேபிளைப் பாத்தேன், எந்தப் பறவைக்கு எந்தப் பேன்னு சொல்ற பட்டியல்ல கோட்டானோட இறக்கைப் பேன் லூனாசெப்ஸ்னு இருக்கு, 20-ஐயும் லூனாசெப்ஸ்னு எழுதிட்டேன்.

அதுல மூணு மத்ததைவிட நீளமா, கொஞ்சம் வெளுப்பா இருந்ததைப் பாக்காம இல்ல. பாத்தேன். இப்பதான் தோல் உரிச்சிருக்கும், அதான் வெளுப்புன்னு நானே ஒரு காரணமும் கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டேன். பேர் முதல்லயே மனசுல முடிவாகிட்டா கண்ணு அதுக்குத் தகுந்த மாதிரிதான் பாக்கும்.

ஸ்லைடு

எல்லாத்தையும் ஸ்லைடு போட மாட்டேன், ஒவ்வொரு வகையிலயும் ஆண் பெண் ரெண்டும் வர்ற மாதிரி எடுப்பேன், மீதி எத்தனால்லயே இருக்கும். முறை பழசுதான்: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்ல ராத்திரி முழுக்க ஊற வச்சா உள்ள இருக்குற சதை கரைஞ்சு தோல் மட்டும் நிக்கும், மெதுவா அமுக்கி கழிவை வெளிய எடுக்கணும், தண்ணியில அலசி, துளி அசிட்டிக் அமிலம் விட்டு காரத்தை எடுத்து, எத்தனால்ல படிப்படியா ஏத்தி ஈரம் போக்கி, கிராம்பு எண்ணெயில வச்சு, கடைசியா கனடா பால்சம் பிசின்ல முதுகு மேல பாத்த மாதிரி பதிக்கணும். கால் ஆறும் விரிஞ்சிருக்கணும், உணர்கொம்பு வெளிய வந்திருக்கணும். அவசரப்பட்டு வயிறு கிழிஞ்சா ஆண் உறுப்பு போச்சு, அது போனா இனம் சொல்றது போச்சு, ஏன்னா ஒல்லிப் பேன்கள்ல கிட்டக்க கிட்டக்க இருக்குற இனங்களைப் பிரிக்கிறது பெரும்பாலும் ஆணோட இனப்பெருக்க உறுப்புதான். டிஎன்ஏ வேணும்னா காரத்துல போடவே கூடாது, அதுக்கு 95 சதவீத எத்தனால்ல தனியா எடுத்து வச்சிருக்கணும், பக்கவாட்டுல சின்னதா கீறி சாறு எடுத்துட்டு மிஞ்சின தோலை சான்றா ஸ்லைடு போடலாம்.

ஒல்லியில ஆறு ஆண் ஸ்லைடு போட்டு, காய்ஞ்சப்புறம் ஃபோட்டோ எடுத்து, பேன் விஷயத்துல எனக்கு குரு மாதிரி இருக்குற ஒரு அக்காவுக்கு அனுப்பினேன். கோட்டான் லூனாசெப்ஸ், ஆண் ஆறுன்னு தலைப்பும் போட்டு.

"தம்பி, உன் லூனாசெப்ஸ்ல ரெண்டு பேருக்கு மட்டும் கொம்பு ஏன் தடியா இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டாங்க.

திரும்ப ஸ்லைடை வச்சுப் பாத்தா, நாலு ஆணுக்கு உணர்கொம்பு பெண்ணுக்கு இருக்குற மாதிரியே சாதாரணமா இருக்கு, ரெண்டு ஆணுக்கு மட்டும் முதல் கணு வீங்கி, மூணாவது கணுவுல பக்கவாட்டா ஒரு நீட்சி. கலவி நேரத்துல பெண்ணைப் பிடிச்சுக்க ஆண் இந்த மாதிரி கொம்பை வச்சிருக்கும். லூனாசெப்ஸ்ல ஆண் பெண் கொம்பு வித்தியாசம் கிடையாது. கரைப்பறவையில சகட்டுமேனிக்கு வர்ற இன்னொரு ஒல்லிப் பேன் குவாட்ராசெப்ஸ்லயும் ஆணுக்கு இப்படித் தடிச்ச கொம்பைப் பாத்ததில்ல. தலையும் வேற: லூனாசெப்ஸ்னா நிலாத் தலைன்னு அர்த்தம், முன்பக்கம் பிறை மாதிரி வளைவு, இந்த ரெண்டுக்கும் தலை ஒடுங்கி நீண்டு போகுது. அளவும் 3 மி.மீ. சுத்துல, லூனாசெப்ஸ் எல்லாம் 2 மி.மீ. சுத்துல நின்னுது. மூணாவது வெளுப்பு ஒண்ணு எத்தனால்ல இருந்துச்சு, அதையும் எடுத்துப் பாத்தா அதே ஜாதிப் பெண்.

ஆர்டியிகோலா. கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன் இவங்களோட இறக்கைப் பேன்.

ரெண்டாவது தப்புக்கு ரெண்டு அடி முன்னாடி

இப்ப மனசு எங்க போச்சுன்னு சொல்லவே வெக்கமா இருக்கு. கோட்டான் மேல ஆர்டியிகோலா! ரெண்டும் ஒரே சேத்துல மேயுதே, ஒட்டிக்கிட்டு இருக்கலாமே, இல்ல பறவை ஈ மேல சவாரி பண்ணி வந்திருக்கலாமே. இது கதை இல்ல, உண்மையிலயே நடக்குது, பறவைகள் மேல தட்டையா ஒரு ஈ இருக்கும், இஸ்க்னோசெரா பேன்கள் சில நேரம் அதோட உடம்பைக் கவ்விக்கிட்டு ஒரு பறவையில இருந்து இன்னொரு பறவைக்கு போயிடும். புது ஓம்புயிர் (பேன் குடியிருக்குற பறவை) பதிவுன்னு ஒரு சின்ன குறிப்பு எழுதலாம்னு ஒரு ராத்திரி பூரா யோசிச்சேன்.

யோசிச்சுப் பாத்தா முதல் தப்பும் இதுவும் ஒரே தப்புதான். முதல்ல லேபிளை நம்பி பேனோட பேரை மாத்தினேன், இப்ப பேன் பேர் சரியானதும் அதே லேபிளை நம்பி கோட்டானுக்கு ஒரு புதுப் பேன் குடுக்கப் பாக்குறேன். ரெண்டு தடவையும் லேபிள் மட்டும் கேள்வி கேக்கப்படாம மேல உக்காந்திருக்கு.

தம்பிக்கு ஃபோன் பண்ணேன். "டேய், அந்தக் கோட்டானை எதுல போட்டு எடுத்துட்டு வந்த?"

"துணிப்பைல அண்ணே. நம்ம ரிங்கிங் பைதான்."

"அதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "முந்தின நாள் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு அண்ணே. ஆனா பையை உதறிட்டேனே."

உதறினா போகாது. பேனோட நகம் இறகிழையைக் கவ்வவே செஞ்ச மாதிரி, தையல் நூல்லயும் அதே மாதிரி தொங்கும். பை இன்னும் துவைக்காம இருந்துச்சு, நல்லவேளை. உள்பக்கம் திருப்பி தையல் ஓரமா ஒட்டும் டேப்பால ஒத்தி எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சோம்: வெள்ளைப் பூ இறகுத் துணுக்கு ரெண்டு மூணு, செத்துக் காய்ஞ்ச ஆர்டியிகோலா ஒண்ணு. கேஸ் அங்கயே முடிஞ்ச மாதிரிதான், ஆனாலும் மறுபக்கத்தையும் பாத்தோம். லூனாசெப்ஸ் 17-ல ஆண் 4, பெண் 6, குட்டி 7, அதாவது அந்தப் பறவை மேல குடும்பம் நடத்துது. பேன் முட்டையில இருந்து மூணு தடவை தோல் உரிச்சு பெருசாக மூணு நாலு வாரம் ஆகும், அது பூரா பறவை மேலயே நடக்கும், அதனால நிலையா வாழுற பேனுக்கு எல்லா வயசுலயும் ஆள் இருக்கணும். ஆர்டியிகோலா மூணும் பெருசு, ஒரு குட்டி கூட இல்ல. குட்டி இல்லாததே முழு சாட்சின்னு சொல்ல மாட்டேன், மூணே மூணுல அதை எதிர்பாக்கவும் முடியாது, பையோட சேத்துப் பாத்தாத்தான் எடை.

வெளுப்புக்கும் இப்ப வேற அர்த்தம் வருது. வெளிர் நிறப் பறவையில இருக்குற பேன் வெளிறியும், கருத்த பறவையில இருக்குறது கருத்தும் இருக்கும், கோதும்போது கண்ணுல படாம இருக்கன்னு 2010-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுலயும் தலைப் பேனுக்கு இந்த வேஷம் கிடையாது, தன் தலையை எந்தப் பறவை பாக்குது? இதை அடையாளக் குறியா யாரும் எடுத்துக்காதீங்க, தோல் உரிச்ச பேனும் வெளுப்பாத்தான் இருக்கும். ஆனா வித்தியாசத்தைப் பாத்த உடனே காரணம் சொல்லி மூடாம, ஒரு கேள்விக்குறி போட்டு தனி டியூப்ல வச்சிருக்கலாம் நான்.

லேபிள் விஷயத்துல நான் மட்டும் ஏமாளி இல்லன்னு ஆறுதலுக்கு ஒண்ணு சொல்றேன். இந்த லூனாசெப்ஸ்ங்கிற பேரை 1939-ல வச்சவங்க ரெண்டு பேர், ஒருத்தர் தெரேசா கிளே, பேன் ஆய்வுல மலை மாதிரி ஆள். இன்னொருத்தர் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். பின்னவரோட பறவைத் தோல்கள்ல பலது மத்த சேகரிப்புல இருந்து திருடி இடமும் தேதியும் மாத்தி லேபிள் ஒட்டினதுன்னு 1990-கள்ல வெளிய வந்துச்சு. அவரோட பேன் சேகரிப்பும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துலதான் இருக்கு. பேனை எத்தனை தடவை சரியா அடையாளம் கண்டாலும், அது எந்தப் பறவையில இருந்து வந்துச்சுங்கிறது ஒரு மனுஷன் எழுதுன துண்டுச்சீட்டு.

இன்னும் பெரிய அளவுல பூநாரைக் கதை இருக்கு. பூநாரைக்கும் வாத்துக்கும் பேன் ஒரே வகைகள், அதை வச்சு ரெண்டும் சொந்தம்னு ரொம்ப காலம் வாதம் ஓடுச்சு. 2001-ல டிஎன்ஏ வந்து பூநாரைக்கு நெருங்கின சொந்தம் முக்குளிப்பான்னு காட்டுச்சு. 2006-ல பேனோட டிஎன்ஏவையே பாத்து, பேன் பூநாரைப் பக்கம் இருந்து வாத்துக்குத் தாவியிருக்கும்னு விளக்கம் வந்துச்சு. ஆக பேனை வச்சு பறவையை முடிவு பண்றதும், பறவையை வச்சு பேனை முடிவு பண்றதும், ரெண்டும் பாதி நேரம் சரியா வரும், சரியா வர்றதாலதான் ஆபத்து.

ஃப்ரீசர்ல இருந்த இறக்கை

இந்தக் களேபரத்துல நடந்த நல்லது இது. லேபிளை சந்தேகப்பட ஆரம்பிச்சப்புறம் டியூப்பையும் சந்தேகப்படணும்ல, அதுக்குள்ள இருக்குறதுதான் பறவை மேல இருந்த எல்லாமா? கோட்டானோட பட்டியல்ல ஆக்டோர்னிதோஃபிலஸ் பட்டெல்லேட்டஸ்னு ஒரு ஆம்ப்ளிசெரா இருக்கு, எங்க டியூப்ல அது இல்ல. இல்லாதது தப்பில்ல, பட்டியல்ல இருக்குற எல்லாம் ஒவ்வொரு பறவையிலயும் இருக்கணும்னு சட்டமா என்ன, கம்மிங்சியெல்லான்னு இன்னொண்ணும் கோட்டானுக்கு உண்டு, அதுவும் எங்களுக்கு கிடைக்கல. ஆனா பட்டெல்லேட்டஸ் இருக்குற இடம் விசேஷம்: இறக்கையோட பெரிய இறகுகளோட தண்டுக்கு உள்ள, குழலுக்குள்ள குடியிருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டு அலசினாலும் அது வெளிய வராது.

இறக்கையை எடுத்து மெதுவா உருக வச்சு, ஒவ்வொரு பெரிய இறகா லைட்டுக்கு முன்னாடி பிடிச்சுப் பாத்தோம். ரெண்டு இறகுல தண்டுல ஊசி குத்தின மாதிரி ஓட்டை, உள்ள கருப்பா பொடி. தண்டை பிளேடால நீளவாக்குல பிளந்தா உள்ள ஒரு ஊரே இருக்கு, கழிவு, உரிச்ச தோல், ஈர், அதுக்கு நடுவுல பெருசு 4, குட்டி 9. நான் வருஷக்கணக்கா பேன் பாக்குறேன், இறகுத் தண்டைப் பிளந்து பாத்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. எதிர்பாத்துப் போய் கிடைச்சதுதான், அதுக்காக சும்மா விடல, பட்டியல் சொன்னதை எடுத்து ஓரமா வச்சுட்டு, தொடை முடி, வயித்து முடி, ஆண் உறுப்பு எல்லாம் தனித்தனியா பாத்து, அப்புறம்தான் பேர் எழுதினேன். இங்க பேனுக்கும் பறவைக்கும் உள்ள உறவை லேபிள் சொல்ல வேண்டியதில்ல, பறவையோட இறகுக்குள்ளயே ஈர் ஒட்டியிருக்கு, அதைவிட சாட்சி கிடையாது.

கடைசியா பதிவுல என்ன போச்சு

லூனாசெப்ஸ் 17, ஆண்களை வச்சு கோட்டானோட லூனாசெப்ஸ் நூமீனைன்னு இனம் வரைக்கும் போக முடிஞ்சுது, குட்டிகளை இனம் சொல்லாம பேரினத்தோட விட்டேன், உறுப்பே வளராத குட்டிக்கு இனம் சொல்றது ஜோசியம். சேமுண்ட்சோனியா 6, ஆஸ்ட்ரோமெனோபான் 5, ரெண்டும் பேரினம் மட்டும். சேமுண்ட்சோனியாவுல நல்ல ஆண் ஸ்லைடு ஒண்ணு கூட வரல, ஒண்ணு இருந்துச்சு, அதை நான்தான் அமுக்கிக் கிழிச்சேன். ஆக்டோர்னிதோஃபிலஸ் பட்டெல்லேட்டஸ், இறகுத் தண்டுக்குள்ள இருந்து, பெருசு 4, குட்டி 9.

ஆர்டியிகோலா மூணுக்கும் தனி டியூப், தனி லேபிள். ஓம்புயிர்ங்கிற இடத்துல கோட்டான்னும் எழுதல, கொக்குன்னும் எழுதல, அந்தக் கொக்கு மேல இருந்து நேரா எடுத்ததை யாரும் பாக்கலையே. "கோட்டான் அலசின தண்ணியில கிடைச்சது, முந்தின நாள் சின்ன வெள்ளைக் கொக்கு இருந்த பையில இருந்து வந்த கலப்படம், பையோட தையல்லயும் இதே பேன்" அப்படின்னு பொடி எழுத்துல எழுதி, டேப்புல எடுத்த காய்ஞ்ச பேன் ஸ்லைடையும் கூடவே வச்சாச்சு. லேபிள் பெட்டியை விட பெருசாயிடுச்சு, மடிச்சுத்தான் உள்ள போட வேண்டியிருந்துச்சு.

தம்பி இப்ப ஒரு பறவைக்கு ஒரு காகிதப் பைன்னு மாறிட்டான், பயன்படுத்தினதும் பையையும் பறவை நம்பர் போட்டு என்கிட்டயே குடுத்துடுறான். போன தடவை வந்த பவளக்காலி பையில டியூப்ல இருந்ததைவிட ரெண்டு பேன் அதிகமா இருந்துச்சு.